வசதிக் கட்டணம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கதை எழுதுகிற எண்ணமே எனக்கு இல்லை. புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன். இணையத்தில் செருப்பு விற்கிற ஒரு கடை, ஒன்பது ரூபாயைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டது. கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள், அந்த நோட்டீசுக்கும் ஒரு கட்டணம் போட்டு என்னிடமே வசூலிப்பார்கள். 'கடை' என்றே வைத்துக்கொள்வோம்.

கடையின் செயலியில் ஒரு புகார்ப் பெட்டி இருக்கிறது. 'உங்கள் குறையை 250 எழுத்துகளுக்குள் கூறவும்' என்று மேலே போட்டிருக்கும். எழுதினேன்:

"ஐயா, ஆவடி சேக்காட்டில் வசிக்கும் திருவேங்கடம் ஆகிய நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் முப்பத்துநான்கு வருடம் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு நூல் அளவு கூடின போல்ட்டைக்கூடத் திருப்பி அனுப்பியவன். அப்படிப்ப

அதற்கு மேல் ஓர் எழுத்தும் ஏறவில்லை. விரல் விட்டு எண்ணினேன், நூற்றைம்பதுகூடத் தேறவில்லை. என் மகள் கனிமொழி கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி. அவள்தான் விளக்கினாள்: புள்ளியையும் துணைக்குறியையும் அது தனித்தனி எழுத்தாக எண்ணுமாம். 'கோபம்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கடைக்கு ஐந்து.

ஆக, தமிழில் கோபப்படுவதற்கும் கூடுதலாகப் பிடிக்கிறார்கள்! பெட்டியை மூடிவிட்டு நோட்டைத் திறந்தேன். இப்போது நீங்கள் படிப்பது அந்த நோட்டு.

2

கதை என்றால் ஆரம்பம் வேண்டுமாமே.

ஆரம்பம் அ: "சென்னைக்கு மேற்கே அனல் பறக்கும் ஒரு சித்திரை மதியம்..." (அடித்துவிட்டேன். அன்றைக்கு மழை.)

ஆரம்பம் ஆ: "உலக வரலாற்றில் இதுவரை எந்த வாடிக்கையாளருக்கும் இழைக்கப்படாத ஒரு கொடுமை சேக்காட்டில்..." (எனக்கு ரொம்பப் பிடித்த வரி. என் மனைவி சாவித்திரிதான் எட்டிப் பார்த்து, "ஏங்க, ஒம்போது ரூபாய்க்கு உலக வரலாறா?" என்றாள். அவள் போன பிறகு அடித்தேன், அவள் சொன்னதற்காக இல்லை.)

ஆரம்பம் இ: "வேம்புலியம்மாள் வெறுங்காலோடு என் வாசலில் வந்து நின்றாள்."

இது நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுவதில் எனக்கு ருசி இல்லை. இருந்தாலும் மூன்றில் இதுதான் நிற்கிறது, இதையே வைத்துக்கொள்வோம்.

3

வேம்புலியம்மாள் யார்? எங்கள் அடுக்குமாடிக்குப் பின்சந்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவள். வயது அறுபத்திரண்டு. தனிக்கட்டை. அதே போல்ட் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் ஒப்பந்தக் கூலியாக இருந்தாள். நான் ஒதுக்கிய போல்ட்டுகளை அவள்தான் தனியாகக் கொட்டி மூட்டை கட்டுவாள், கட்டும்போது என்னைத் திட்டுவாள். தர ஆய்வாளர் என்பதை அங்கே யாரும் முழுசாகச் சொல்வதில்லை, 'இன்ஸ்பெக்டர்' என்பார்கள். இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் நான் போலீஸ் என்று நினைத்து வண்டியை நேராக நிறுத்துகிறார்கள். நான் மறுப்பதில்லை.

சர்க்கரையில் அவளுடைய பாதம் வெடித்து, ஆறாத புண். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்புதான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆவடி மார்க்கெட்டில் அவள் அளவு கிடைக்கவில்லை.

"போன்ல வாங்கிடலாம் வேம்புலிம்மா," என்றேன். "நான் இருக்கேன்ல?"

"அதுல நம்ம எழுத்து வருமா?"

அந்த ஒரு கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. செயலியைத் தமிழுக்கு மாற்றிக் காட்டினேன். திரை முழுக்கத் தமிழ். ஏதோ நானே கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'விலை ரூ.349. கூடுதல் கட்டணம் ஏதுமில்லை' என்று சத்தமாகப் படித்தேன். அவள் பெயரையும் முகவரியையும் போட்டேன். பணம் கட்டும் பொத்தானை அமுக்கினேன்.

(கண்ணாடி போடாமல் அமுக்கினேன். முப்பத்துநான்கு வருடம் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தவன் அன்றைக்குக் கடைசித் தொகையைப் பார்க்கவில்லை. இந்த அடைப்புக்குறியை சாவித்திரி படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.)

4

நான்காம் நாள் செருப்பு வந்தது. வந்தது என்றால் எங்கே? கொண்டுவந்தவருக்குப் பின்சந்து போன் வரைபடத்தில் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மெயின்ரோட்டில் வண்டியை நிறுத்தி, அவளைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். பழைய செருப்பு அறுந்து ஒரு வாரம். புண்காலோடு, மழைத் தண்ணீரில், வெறுங்காலாக நடந்து போய் வேம்புலியம்மாள் தன் செருப்பைத் தானே வாங்கிக்கொண்டு வந்தாள்.

நேரே என் வாசல். புதுச் செருப்பு கையில். காலில் போடவில்லை. இன்னொரு கையில் பெட்டிக்குள் இருந்த பில்.

"இன்ஸ்பெக்டரே, இன்னா எழுதிகீது இதுல?"

"பில்லும்மா. செருப்பு முன்னூத்தி நாப்பத்தொம்பது..."

"அத்த உடு. அதுக்குக் கீழ படி."

"வசதிக் கட்டணம், ஒம்பது."

"யாரு வசதி?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மேல என் பேரு போட்டுகீறான். கீழ வசதின்னு போட்டுகீறான். வசதியான ஆளுன்னு தனியா காசு புட்ச்சிகீறான். யார்ட்ட கேட்டு எழுதுனான்? நீ சொன்னியா?"

"ஐயோ, அது அந்த வசதி இல்லம்மா. சௌகரியம். ஊட்லயே உக்காந்து வாங்குற சௌகரியத்துக்கு..."

"இன்னா சௌகரியம்? டேங்காண்ட வரைக்கும் நொண்டிகினு போனது யாரு, அவனா?"

எழுதுகிறவன் வாயடைத்துப் போன இடங்களில் கதாபாத்திரங்கள் சும்மா இருந்துவிட வேண்டும். வேம்புலியம்மாள் அப்படிப்பட்ட கதாபாத்திரம் இல்லை.

"போன வருசம் எங்க பக்கத்து ஊட்டு சுலோசனா கவர்மெண்டு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டா. விசாரிக்க வந்தவரு ஒரே வார்த்த எழுதிட்டுப் போனாரு. 'வசதி'. அவ்ளோதான், மனு திரும்பிட்ச்சி. இன்னா வசதி? யாரோ குடுத்த பழைய பிரிட்ஜு, அதுல அவ துணி வெச்சிகினு இருந்தா. கரண்டே கெடயாது அதுக்கு. இப்ப நான் எழுதிப் போட்டுகீறேன். வர்ற செவ்வா உட்டு அடுத்த செவ்வாக்கெழம பத்து மணிக்கு ஆள் வருது. இந்த நேரம் பாத்து எனக்குப் பேப்பர்ல பிரிண்டு போட்டுக் குடுத்துகீறானே!"

உதவித்தொகை மாதம் ஆயிரத்திருநூறு ரூபாய். அதில் வாடகை போய்விடும், மிச்சத்தைச் சமாளித்துவிடுவேன் என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கதையில் வேறு எதுவும் கேள்வி இல்லை. அந்தப் பணம் வருமா, வராதா?

5

இந்த இடத்தில் வாசகர் எழுந்து நின்று, "அந்தப் பில்லைக் கிழித்துப் போட்டால் கதை முடிந்தது!" என்று சொல்வார். நானும் சொன்னேன்.

"கிழிச்சா கம்ப்யூட்டர்ல இருந்து போய்டுமா? சுலோசனாவுக்கு எழுதுன பேப்பர அவ கண்ணாலயே பாக்கல. பாக்காத பேப்பரு தான் நமக்கு ஆப்பு வெக்கிது."

அந்தக் கம்ப்யூட்டரும் இந்தக் கம்ப்யூட்டரும் வேறு வேறு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் வாயெடுத்தேன். பிறகு, செருப்பு வாங்கிய மறுநாளே என் போனில் முழங்கால் தைலத்துக்கும் மூட்டுப் பட்டைக்கும் விளம்பரம் வரத் தொடங்கியது நினைவுக்கு வந்தது. எது எதோடு பேசிக்கொள்கிறது என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

கொஞ்சம் கட்டுரை எழுத அனுமதியுங்கள், கோபம் ஆறட்டும். 'வசதி' என்று ஒரு சொல். "வசதிப்பட்டா வாங்க" என்றால் தோதான நேரம். "அவங்க வசதி" என்றால் காசுள்ளவர்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் முதலில் விசாரிக்கும் சொல் இது, கடன் கேட்டுப் போகிறவன் கடைசியாகக் கேட்கும் சொல்லும் இதுதான்: "இப்ப வசதி இல்லப்பா." இத்தனை பாரம் சுமக்கிற சொல்லை எவனோ ஒருவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, இங்கிலீஷ் அகராதியைப் பார்த்து, ஒன்பது ரூபாய்க்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டான். அவனை எங்கள் கம்பெனியில் என் மேஜைக்கு முன்னால் நிறுத்தியிருந்தால், அவன் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் திருகி, மரை சரியாக இல்லை என்று சிவப்பு வண்ணம் அடித்து, மூட்டையில் கட்டி

(நிறுத்திக்கொள்கிறேன். இரத்த அழுத்த மாத்திரை இன்னும் போடவில்லை.)

6

அன்றைக்குத் தொடங்கியது என் யுத்தம். பதினோரு நாளில் கடைக்கு நாலாயிரம் முறை போன் செய்தேன்.*

* இருபத்தாறு முறை. சாவித்திரி எண்ணியிருக்கிறாள்.

போன் செய்தால் 'செயலியில் எழுதவும்' என்று மட்டும் வரும். முதல் வாரம் முழுக்க அங்கே என்னோடு பேசியது ஓர் இயந்திரம். அதற்குத் 'தோழி' என்று பெயர். "வணக்கம்! நான் உங்கள் தோழி. உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று கேட்கும். "ஒன்பது ரூபாய் ஏன் பிடித்தீர்கள்?" என்று தட்டினால், "ஒன்பது செருப்புகளை வாங்க விரும்புகிறீர்களா?" என்று கேட்கும். "கூடுதல் கட்டணம் ஏதுமில்லை என்று நீங்கள்தானே போட்டிருந்தீர்கள்?" என்றால், "உங்கள் பாராட்டுக்கு நன்றி!" என்று ஒரு பூங்கொத்துப் படம். இந்தக் கதையில் நான் மிகைப்படுத்தாத ஒரே பாத்திரம் அதுதான். அதற்கு மேல் மிகைப்படுத்த எனக்குத் திறமை இல்லை.

எட்டாம் நாள் ஒரு செய்தி: 'நல்லெண்ண அடிப்படையில் ரூ.9 உங்கள் கடைப் பணப்பையில் சேர்க்கப்பட்டது. ரூ.499க்கு மேல் வாங்கும்போது பயன்படுத்தலாம்.'

வீடு அதிரக் கத்தினேன். கோபமா, வெற்றியா என்று எனக்கே தெரியவில்லை. சாவித்திரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பின்சந்துக்குப் போய் வேம்புலியம்மாளிடம் போனைக் காட்டினேன்.

"காசு குடுத்துட்டான்மா! தப்புன்னு ஒத்துக்கினான்!"

"வார்த்தைய எடுத்துட்டானா?"

"அது... பில்லு அப்படியேதான் இருக்கு."

"அப்ப இன்னாத்துக்குக் குதிக்கிற? காசு யார் கேட்டா? ஒம்போது ரூபா நான் வேணா உனக்குத் தரேன், அந்த வார்த்தைய எடுக்கச் சொல்லு."

7

பத்தாம் நாள் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. பெயர் நிஷா. போனை ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வைத்துக்கொண்டோம். நான் தொண்டையைச் செருமி, சட்டம், நீதி, நுகர்வோர் என்றெல்லாம் ஆரம்பிப்பதற்குள் வேம்புலியம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யம்மா, நான் வசதி இல்லம்மா. அத்த அழிச்சிட்டு வேற பில்லு குடு."

"மேடம், அது சிஸ்டம் ஜெனரேட் பண்றது மேடம்."

"சிஸ்டத்தக் கூப்டு. நான் பேசுறேன்."

"மேடம், அது ஆள் இல்ல மேடம். என் ஸ்க்ரீன்ல வார்த்தைய மாத்த ஆப்ஷன் இல்ல."

"ஆப்சன் இல்லாட்டி ரப்பர் வெச்சு அழி."

மறுமுனையில் ஒரு சிரிப்பு வந்து, உடனே அமுங்கியது. வேம்புலியம்மாள் விடவில்லை. சுலோசனாவின் பிரிட்ஜைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். டேங்க் வரைக்கும் நடந்ததைச் சொன்னாள்.

"எந்த டேங்க் மேடம்? சேக்காட்லயா? ரேஷன் கட எதுக்க கீதே, அதுவா?" என்றாள் நிஷா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூனாவிலோ டெல்லியிலோ இருந்து பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"நீ எந்தூரு கண்ணு?"

நிஷாவின் குரல் தணிந்தது. "கால் ரெக்கார்ட் ஆவுதும்மா. காசு வேணா எத்தினி தபா கேட்டாலும் திருப்பித் தர்லாம், அதுக்கு பட்டன் கீது. அந்த வார்த்தைய மாத்த எனக்கு மேல கீறவங்களுக்கே பட்டன் இல்ல." பிறகு பழைய குரலில், "வேறு ஏதேனும் உதவி தேவையா மேடம்?"

வேம்புலியம்மாள் போனை என்னிடம் நீட்டினாள். "பாவம், அதுக்கு இன்னா தெரியும்? வெச்சிடு."

எனக்குக் கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. பத்து நாளாகத் தேடிக் கடைசியில் கிடைத்த ஒரே ஆள், ரேஷன் கடைக்கு எதிரே இருக்கிற தண்ணீர்த் தொட்டியைத் தெரிந்த பெண்ணாகப் போய்விட்டாள். இதைவிட ஓர் எழுத்தாளனுக்கு என்ன அநியாயம் நடக்க முடியும்? கடையின் முதலாளியை வில்லனாக்கலாம் என்றால் அவர் முகம் தெரியாது. அந்தச் சொல்லை ஒட்டியவனும் யாரென்று தெரியாது. ஒருவேளை அவனும் ஓர் இயந்திரமோ என்னவோ.

8

இதுவரை எழுதியதை நேற்று வேம்புலியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் கண்ணீர் வுட்டேன்னு எழுதிகீறியே, எப்ப வுட்டேன்?"

அடித்துவிட்டேன். (நான்காம் பகுதியில் இருந்தது. நல்ல வரி. போகட்டும்.)

"தனிக்கட்டன்னு எழுதிகீற. செரி. ஆனா என்னிய ரொம்பப் பாவமா காட்டாத. படிக்கிறவங்க 'ஐயோ'ன்னுட்டு பக்கத்தத் திருப்பிடுவாங்க."

"பின்ன எப்படிக் காட்டட்டும்?"

"மூட்ட கட்டறவளா காட்டு. ஒரு நாளிக்கு நூத்தி இருவது மூட்ட கட்னேன். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். நான் கூட்டிச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள், நூற்றிருபது என்பது உண்மை. அந்த மூட்டைகளை எண்ணி ஒப்பமிட்டவன் நான்.

"உன்னப் பத்தியும் எழுதேன்," என்றாள்.

"என்னப் பத்தி என்ன?"

"ஒம்போது ரூபாய்க்குப் பதினோரு நாளு சேர்ல குந்திகினு சண்ட போட்ட இல்ல? பக்கத்துல டீ வெச்சிகினு, பேன் போட்டுகினு. அதுக்குப் பேரு தான் வசதி. அந்தக் காச உனக்குப் போட்டுருந்தா கரீட்டு. ஆள் மாறி எனக்குப் போட்டுட்டான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு கொஞ்ச நேரம் எழுதிப் பார்த்தேன். எழுத்து வரவில்லை. மறுபடி விசிறியைப் போட்டுக்கொண்டேன்.

கொள்கைக்காக, கொள்கைக்காக என்று மார்தட்டினேன். கடை தப்புச் செய்தது, அதில் சந்தேகமில்லை. கூடுதல் கட்டணம் இல்லை என்று சொல்லி ஒன்பது ரூபாயைப் பிடித்தது திருட்டுதான், ஒரு கோடிப் பேரிடம் பிடித்தால் ஒன்பது கோடித் திருட்டு. அதை நான் விட மாட்டேன். ஆனால் நான் போராடியது என் அளவுகோல் தோற்றுப் போனதற்காக. அவள் கேட்டது வேறு. அவளைப் பற்றி அவளைக் கேட்காமல் எழுதாதே என்று கேட்டாள். அப்படிக் கேட்காமல் எழுதுவதைத்தான் நானும் எட்டுப் பகுதிகளாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

9

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு அ: கடையின் முதலாளி ஹெலிகாப்டரில் சேக்காடு மைதானத்தில் வந்து இறங்குகிறார். பின்னால் நூறு பேர் தாம்பாளத்தில் ரப்பர் ஏந்தி வருகிறார்கள். வேம்புலியம்மாள் முன்னால் மண்டியிட்டு, அந்தச் சொல்லை அவரே அழிக்கிறார். (வேம்புலியம்மாள்: "எலிகாப்டர் வந்தா மாடில காயுற துணி எல்லாம் பறந்துடும். வேணாம்.")

முடிவு ஆ: விசாரணைக்கு வந்தவர் நல்லவர். அவள் பாதத்தைப் பார்க்கிறார், பில்லைப் பார்க்கிறார், சிரிக்கிறார், பேனாவை எடுத்து, "அம்மா, இது ஒண்ணும் இல்ல, நீங்க பயப்படா

(முடிக்க முடியவில்லை. சுலோசனாவிடம் வந்தவரும் நல்லவராகத்தான் இருந்தாராம். தண்ணீர் வாங்கிக் குடித்தாராம்.)

முடிவு இ: வந்தவர் அறையைச் சுற்றிப் பார்க்கிறார். பாத்திரம், பாய், மாத்திரை டப்பா. பிறகு அவர் பார்வை கீழே இறங்கி, அந்தப் புத்தம்புதுச் செருப்பில்

இதை நான் எழுதத் தொடங்கியது இன்று காலை. இந்த வரியில் பேனா நின்றபோது வாசலில் ஆள் நிழல். வேம்புலியம்மாள்தான். கையில் பிளாஸ்டிக் பை.

"இன்ஸ்பெக்டரே, நாளிக்கு ஆள் வந்துட்டுப் போற வரிக்கும் இது உன் ஊட்ல இருக்கட்டும்."

பைக்குள் செருப்பு.

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? புது செருப்பு, பளபளன்னு. பாத்தா இன்னா எழுதுவான்?"

"டாக்டர் போடச் சொன்ன செருப்பு அது! சீட்டு இருக்குல்ல? புண்ணு இருக்குல்ல? நானே வந்து பக்கத்துல நின்னு சொல்றேன்!"

"நீ வராத. இன்ஸ்பெக்டர்னு எவனாவது கூப்டுவான். இவளுக்குப் போலீசு சொந்தம்னு அதையும் சேத்து எழுதுவான்."

சாவித்திரி உள்ளிருந்து வந்தாள். இவ்வளவு நாளும் ஒன்பது ரூபாயை விடுங்கள், விடுங்கள் என்று சொன்னவள். பையை வாங்கவில்லை. "போட்டுக்கிட்டுப் போங்க வேம்புலிம்மா. புண்ணுல ஈ மொய்க்குது," என்று மட்டும் சொன்னாள். வேம்புலியம்மாள் பையைச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனாள்.

10

நான் கெட்டிக்காரத்தனமாக முடித்துவிடலாம். எனக்கு அந்தக் கலை தெரியும். கம்பெனியில் வருடக் கடைசி அறிக்கையை முப்பத்துநான்கு முறை முடித்திருக்கிறேன், ஒரு முறைகூட முதலாளி அழாமல் இருந்ததில்லை.*

* முதலாளி அறிக்கையைப் படித்ததே இல்லை.

பை அங்கேயே இருக்கிறது. காலையில் அதை எடுத்துக்கொண்டு நான் பின்சந்துக்குப் போகலாம், அவள் திட்டத் திட்டக் காலில் மாட்டலாம், வந்தவரிடம் பில்லையும் மருத்துவச் சீட்டையும் நீட்டிக் கத்தலாம். நான் கத்தியே அந்த ஆயிரத்திருநூறு போகலாம். அல்லது இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அவள் நாளெல்லாம் வெறுந்தரையில் அந்தப் பாதத்தை ஊன்றி நின்று, தனக்கு ஒன்றுமே இல்லை என்று நிரூபிக்கட்டும். இரண்டில் எதை நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாததால் உங்களிடம் கொடுக்கிறேன்.

அவளைக் கேட்காமல் இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று இன்று மதியம் முடிவு செய்தேன். கேட்டுவிட்டு வரவும் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தரையைக் கழுவுகிற சத்தம். "நாளிக்கு வா இன்ஸ்பெக்டரே, ஆள் வந்துட்டுப் போவட்டும்," என்றாள்.

அதனால் என்னால் இது மட்டும்தான் முடிந்தது. மீதி உங்களுடையது. எழுதுவதற்கு முன் ஒருமுறை அவள் கதவைத் தட்டிவிட்டு எழுதுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு விசாரணைக்கு ஆள் வந்தபோது, வேம்புலியம்மாளின் காலில்